கடைப் பட்டாணியும் தீவுச் செடிகளும்

தாவரவியல் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் ‘பிளேடக்கா’ என்ற பேரைக் கேட்டதும் ஒதுங்கித்தான் நடப்பார்கள். பேச ஆரம்பித்தால் விடமாட்டாள், அறுத்துத் தள்ளிவிடுவாள் என்று பயம். உண்மையில் அவள் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். பேர் வந்தது வாயால் இல்லை, கையால். பதினெட்டு வருஷமாக அவளுக்கு வேலை இலை நறுக்குவது. அதுவும் சவரப் பிளேடால்.

இலை நறுக்குறதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நகத்தளவு இலைத் துண்டை ஐஸ் மேல் வைத்த கண்ணாடித் தட்டில் போட்டு, சொட்டுக் கரைசல் விட்டு, பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். நசுக்கக் கூடாது. நசுக்கினால் செல்லுக்குள் இருக்கிற உட்கரு உடைந்து கூழாகிவிடும், அதை வைத்து நாக்குகூட வழிக்க முடியாது. நறுக்கினால் உட்கரு முழுசு முழுசாக வெளியே வந்து விழும். அதை நைலான் சல்லடையில் வடிகட்டி, சாயம் ஏற்றி, மெஷினுக்குக் கொடுத்தால், மெஷின் ஒவ்வொரு உட்கருவின் மேலும் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும். உள்ளே டி.என்.ஏ. அதிகம் இருந்தால் அதிகம் மின்னும், குறைவாக இருந்தால் குறைவாக மின்னும். திரையில் அது ஒரு மேடாக வந்து நிற்கும். மற்றவர்கள் நறுக்கினால் மேடு சரிந்து பரந்து கிடக்கும். பிளேடக்கா நறுக்கினால் ஊசி மாதிரி நிற்கும். துறையில் அவளுக்கு இருந்த மரியாதை முழுக்க அந்த ஊசியில்தான் இருந்தது.

இந்த வேலைக்கு அவள் படித்துவிட்டு வரவில்லை. முன்பு ஒரு துணிக்கடையில் தையல்காரருக்குத் துணி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடையை மூடினார்கள். இங்கே புட்டி கழுவ வந்தாள். ஒரு நாள் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இலையைக் கொத்துகிற அழகைப் பார்க்கச் சகிக்காமல், “குடுங்க இப்படி” என்று பிளேடை வாங்கினாள். அதோடு புட்டி கழுவுகிற வேலை வேறொருவருக்குப் போயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பேராசிரியை ஒரு கேள்வியைக் கையில் எடுத்தார். செடிக்குச் செடி இந்த டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்பதில் தலையும் இல்லை, காலும் இல்லை. வானத்தை இடிக்கிற மரத்துக்குள் கொஞ்சூண்டு இருக்கும். விரலளவு குட்டிச் செடிக்குள் அதைப்போல் ஐம்பது மடங்கு இருக்கும். சில வீடுகளில் வேண்டாத சாமானைத் தூக்கிப் போட மனசு வராமல் பரணில் ஏற்றிக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி. சரி, கடல் தாண்டித் தீவுக்குப் போய்க் குடியேறி, அங்கேயே இருந்து இருந்து அந்தத் தீவுக்கே சொந்தமாகிவிட்ட பூச்செடிகள் இருக்கின்றன. அவற்றின் பங்காளிகள் இன்னமும் கரையில் இருக்கிறார்கள். தீவுக்காரன் பரணில் சாமான் குறைவா, கரைக்காரன் பரணிலா? இதுதான் கேள்வி.

முதல் வருஷம் கரைச் செடிகள் அறுபத்தொன்றை அளந்தார்கள். தீவுக்குப் போக அனுமதிக் கடிதம் வர அத்தனை நாள் ஆயிற்று. அடுத்த இரண்டு வருஷம் தீவுச் செடிகள் எண்பத்திரண்டு. வியாழக்கிழமைப் படகில் ஈரத்தாள் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இலைகள் வரும். மையால் எழுதினால் கரைந்துவிடும் என்று தீவில் இலை பறிக்கிற ஆள் சீட்டில் பென்சிலால் பேர் எழுதியிருப்பார். பிளேடக்கா ஒரு தீவையும் பார்த்ததில்லை. ஆனால் எண்பத்திரண்டு செடியின் இலையும் அவள் விரலுக்குப் பழக்கம். எது வழுக்கும், எது பால் விடும், எது பிளேடையே மழுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

வெறுமனே மெஷின் காட்டுகிற எண்ணை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. தராசுக்குக் கல் வேண்டும். அளவு தெரிந்த ஒரு செடியின் இலையையும் சேர்த்து ஒரே தட்டில் நறுக்க வேண்டும். திரையில் இரண்டு மேடு வரும். தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கணக்குப் போடலாம். இவர்களுடைய கல், ஒரு பட்டாணிச் செடி. தொலைதூரத்து விதை வங்கியிலிருந்து வந்த, எல்லோரும் ஏற்றுக்கொண்ட பட்டாணி.

முதல் வருஷக் கடைசியில் அடித்த புயலில், துறையில் செடி வளர்க்கிற கண்ணாடிக் கூரை வீடு நொறுங்கியது. இதோ அதோ என்று பழுதுபார்ப்பு இழுத்துக்கொண்டே போனது. பட்டாணித் தொட்டிகளைப் பிளேடக்கா தன் வீட்டுப் பால்கனிக்குக் கொண்டுபோனாள். மிச்சம் இருந்த பன்னிரண்டு விதைகளையும் விதைத்தாள். காய் காய்ந்ததும் அதிலிருந்தே அடுத்த விதை எடுப்பது என்று திட்டம். அவசரத்துக்கு நாலு விதையை எடுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அது அவள் தப்பு, அதை அவளே பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

இப்போது அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேருந்து ஓட்டுகிறவர். முப்பது வருஷத்தில் ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை என்பது அவர் பெருமை. அந்தச் சமயம் படியில் வழுக்கிக் காலில் கம்பி வைத்து, இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். பிளேடக்கா தங்கைக்கு ஆபரேஷன் என்று ஐந்து நாள் ஊருக்குப் போனாள். அந்த ஐந்து நாளில் அவரைப் பார்க்க டிப்போ நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். வந்தவர்களைச் சும்மா அனுப்புவதா? பால்கனியில் கொத்துக் கொத்தாகப் பட்டாணி முற்றித் தொங்குகிறது. இவர் ஒரு காய் விடாமல் பறித்து, உருளைக்கிழங்கோடு வேகவைத்துப் போட்டுவிட்டார். “நம்ம வீட்டுத் தோட்டத்துது” என்று பீற்றிக்கொள்ளவும் செய்தார்.

மறுநாள் பிளேடக்கா போன் செய்தாள்.

“என்னங்க, காய் காஞ்சு வெடிக்கிறதுக்குள்ள பறிச்சு, உரிச்சு, மேஜை மேல இருக்கிற உறையில போட்டு வைங்க. அதுதான் எங்க விதை. வேற கிடையாது.”

“சரிம்மா” என்றார். வேறு என்ன சொல்வார்? கோலை ஊன்றிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, தெருமுனைக் கடையில் காய்ந்த பட்டாணி வாங்கி வந்தார். மேஜையில் கொட்டி, ஒரே அளவாக நாற்பது பொறுக்கி உறையில் போட்டு, மேலே தேதியும் எழுதி வைத்தார். திருட்டு வேலையிலும் ஒரு ஒழுங்கு.

பிளேடக்கா வந்து அதை விதைத்தாள். செடிகள் முன்னதைவிட ஒரு சாண் உயரமாக வந்தன. “உங்க கை ராசிங்க, நீங்க தண்ணி ஊத்துறதுனாலதான்” என்று அவள் ஒரு நாள் வாய்விட்டுப் பாராட்டினாள். நாற்பது வார்த்தைக்காரி அப்படிப் பாராட்டினால் புருஷன்காரன் பூரித்துப் போக வேண்டும். இவர் எழுந்து குளியலறைக்குப் போய்விட்டார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு நாள் காலையும் அவள் பட்டாணி இலையைக் கிள்ளி ஈரத்தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைப்பாள். ஒவ்வொரு நாள் காலையும் அவர் வேறு பக்கம் பார்ப்பார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிளேடக்கா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

“கட்டுரை திங்கக்கிழமை போகுதாம். ஆறு பேரு எழுதினதுன்னு போடுறாங்க. அதுல என் பேரு நாலாவது.”

“உன் பேரா?”

“என் பேருதான். பிளேடக்கான்னு இல்ல, நிஜப் பேரு. எங்க துறையில நறுக்குறவங்க பேரை இதுவரைக்கும் போட்டதே இல்ல. மேடம் சொன்னாங்க, ‘தீவுச் செடிக்குக் கம்மின்னு தைரியமா சொல்ல முடியுதுன்னா, உங்க பட்டாணி மூணு வருஷமா ஆடாம அசையாம நின்னதுதான் காரணம்’னு.”

அவர் கையில் இருந்த சாப்பாடு வாய்க்குப் போகவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குத்தான் தலைகால் புரியவில்லையே.

சனிக்கிழமை காலை அவள் பால்கனியில் தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் பட்டாணி உன் பட்டாணி இல்லம்மா” என்றார். பிறகு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். உருளைக்கிழங்கு உட்பட.

பிளேடக்கா துணியைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கத்தியிருந்தால், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால், அவர் பிழைத்திருப்பார். அவள் மௌனம்தான் அவரை உயிரோடு உரித்தது.

அவள் யோசித்துக்கொண்டிருந்தது புருஷனைப் பற்றி இல்லை. தராசுக் கல்லைப் பற்றி. ஒரு கிலோ என்று எழுதியிருக்கிற கல் நிஜத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இருந்தால், அதை வைத்து நிறுக்கிற எல்லாமே எடை குறைவாகத்தான் தெரியும். கரைச் செடிகளை அளந்தது நல்ல பட்டாணியில். தீவுச் செடிகள் அத்தனையையும் அளந்தது கடைப் பட்டாணியில். கடைப் பட்டாணிக்குள் டி.என்.ஏ. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும், தீவுச் செடிகள் எல்லாம் குறைச்சலாகத் தெரிந்திருக்கும். தீவுச் செடிக்குக் கம்மி என்று மேடம் கண்டுபிடித்தது தீவைப் பற்றியதாகவே இருக்காது. தெருமுனைக் கடைக்காரர் மூட்டையைப் பற்றியதாக இருக்கும்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது. இந்த எண்ணம் அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் நான் புளுகுகிறேன் என்று அர்த்தம். வந்தது. பேர் நாலாவது இடத்தில் அச்சாகி வருவதும் கண்ணுக்குள் வந்தது. கூடவே, பாறையில் கயிறு கட்டித் தொங்கி இலை பறித்துப் பென்சிலால் சீட்டு எழுதி அனுப்பிய தீவு ஆளும் நினைவில் வந்தார். அவள் போனை எடுத்தாள்.

“மேடம், என் பேரை எடுத்துடுங்க” என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பக்கம் குறிப்பேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“இலையைப் பறிச்சுக்கிட்டு வாங்கக்கா. எல்லாத் தொட்டியிலேருந்தும்” என்றார் பேராசிரியை. “அவரையும் கூட்டிட்டு வாங்க.”

“அவர் எதுக்கு மேடம்?”

“எந்தக் கடை, எப்ப வாங்கினதுன்னு நீங்களா சொல்லப் போறீங்க?”

இருவரும் பேருந்தில் போனார்கள். அவருக்குப் பயணியாக உட்கார்ந்து பழக்கமில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மடியில் இருந்த இலைப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் மெஷின் பார்த்துக்கொள்கிற தம்பி ஏற்கெனவே சிடுசிடுப்பில் இருந்தான். சனிக்கிழமை மெஷினைக் கழுவுகிற நாள். பேராசிரியை மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். வீட்டுக்காரர் அவர் முன்னால் போய், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர் மாதிரி நின்றார்.

“மேடம், தப்பு என்னோடது. இவளுக்கு எதுவும் தெரியாது. பேரை எடுக்கிறதா இருந்தா…”

“முழுப் பட்டாணியா, உடைச்ச பட்டாணியா?”

“முழுசு மேடம். உடைச்சது எப்படி முளைக்கும்?”

“அந்த மட்டும் விவரமா இருந்திருக்கீங்க” என்றார் பேராசிரியை. “வெளியில உக்காருங்க.”

வழி இருந்தது. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் தக்காளி வளர்க்கிறார்கள். அதுவும் அளவு தெரிந்த செடிதான், முத்திரை உடையாத பாக்கெட்டிலிருந்து வந்தது. முதல் வருஷம் நல்ல பட்டாணி வந்த புதிதில், பிளேடக்கா அதை இதே தக்காளியோடு வைத்து அளந்து, குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். பட்டாணியின் மேடு தக்காளியைப்போல் நாலு புள்ளி ஆறு இரண்டு மடங்கில் நின்றது. இன்று கடைப் பட்டாணியும் அங்கேயே நின்றால் பிழைத்தார்கள். தள்ளி நின்றால் இரண்டு வருஷமும் குப்பைத்தொட்டிக்கு.

அவள் புதுப் பிளேடைப் பிரித்தாள். தக்காளி இலை ஒரு துண்டு, பட்டாணி இலை ஒரு துண்டு. நறுக்க ஆரம்பித்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் பிளேடை அழுத்திப் பிடித்தாள். தம்பி குழாயை மெஷினில் வைத்தான். திரையில் வந்தது மேடே இல்லை, சரிந்து விழுந்த மணல் குவியல். அவள் நசுக்கியிருந்தாள்.

தம்பி வாயைத் திறக்கப் போனான், பேராசிரியை அவனை ஒரு பார்வை பார்த்தார். பிளேடக்கா போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். தண்ணீர் குடித்தாள். நாற்காலியைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னொரு பிளேடைப் பிரித்தாள்.

இந்தத் தடவை அவள் எதையும் நினைக்கவில்லை. பிளேடு தட்டில் படுகிற சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. வடிகட்டினாள், சாயம் ஏற்றினாள், காத்திருக்க வேண்டிய நேரம் காத்திருந்தாள். தம்பி குழாயை வைத்தான். திரையில் முதலில் தக்காளி எழுந்து நின்றது. அப்புறம் தூரத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ சேர ஆரம்பித்தது. சேர்ந்து சேர்ந்து ஊசியாகியது.

“நாலு புள்ளி ஆறு மூணு” என்று படித்தான் தம்பி.

“அடுத்த தொட்டி” என்றார் பேராசிரியை.

நாலு புள்ளி ஆறு ஒன்று. அதற்கு அடுத்தது நாலு புள்ளி ஆறு இரண்டு. ஆறு தொட்டியும் முடிகிற வரை பேராசிரியை உட்காரவில்லை. ஆறாவது எண்ணைக் கேட்டதும், இருந்த ஒரே ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்போதுதான் பிளேடக்காவுக்குப் புரிந்தது, தன்னைவிட மேடம்தான் அதிகம் பயந்திருந்தார் என்று.

“நல்லவேளை, அவர் பட்டாணிக்குப் பதிலா பட்டாணியைத்தான் வச்சார்” என்றார் பேராசிரியை. “செடிக்குச் செடி எவ்வளவோ மாறும். ஒரே வகைச் செடிக்குள்ள, கடைப் பட்டாணியோ வங்கிப் பட்டாணியோ, இது அவ்வளவா மாறுறதில்ல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூட இறங்கல.”

“என் பேரு மேடம்…”

“இருக்கும். நாலாவதுதான். ஆனா கட்டுரை திங்கக்கிழமை போகாது. இதே அளவை இன்னும் ரெண்டு நாள் எடுக்கணும். விதை வங்கிக்கு எழுதி நல்ல விதை வாங்கி, தீவுச் செடியில பத்தையாவது திரும்ப அளக்கணும். அப்புறம் நடந்ததை நடந்தபடி கட்டுரையில எழுதணும். ரெண்டாவது வருஷத்திலேருந்து அளவுக்கு வச்சது கடையில வாங்கின பட்டாணின்னு. அந்தப் பத்தியை நீங்கதான் எழுதப் போறீங்க.”

“நானா? எனக்கு நறுக்கத்தான் தெரியும்.”

“நறுக்குன்னு எழுதுங்க, போதும்.”

தம்பி மெஷினைக் கழுவ ஆரம்பித்திருந்தான். பிளேடக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் தவிக்க விட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. இரண்டு வருஷத்துக்கு இரண்டு நிமிஷமாவது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளால் முடியவில்லை.

“சரியா இருக்குங்க. ஒண்ணும் கெடல.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த வழியாகப் போன ஒரு மாணவி நின்று பார்த்துவிட்டு, வேகமாக நடந்து போனாள். பிளேடக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார்.

“பட்டாணி சரியாப் போச்சு. நான் ரெண்டு வருஷமா உன்கிட்ட மறைச்சேனே, அது?”

“அது வேற” என்றாள் பிளேடக்கா. “அதை வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். நிறைய பேசணும்.”

நாளைக்கு நாற்பது வார்த்தை பேசுகிறவள் நிறைய பேசணும் என்கிறாள். வேறு யாராக இருந்தாலும் கலங்கிப் போயிருப்பார்கள். அவர் என்னவென்றால், சம்பளத்தோடு லீவு கிடைத்தவர் மாதிரி எழுந்து, அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வா போகலாம் என்று அவளுக்கு முன்னால் நடந்தார்.